பொருக்கு விழும்வரை

என் தனத்துக்கு,

நீ போய் எட்டு மாதமாகிறது. நம் கலா ஸ்கூலுக்குப் போகிறாள். நான் பீங்கான் ஆலையில் அதே சூளையில்தான் நிற்கிறேன். வேலை ஓடுகிறது, மனசுதான் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

உன் கன்னம் இரண்டும் சிவந்தபோது தெருவே அம்மை என்றது. புதுச்சேரி டாக்டர்தான் லூபஸ் என்றார். உடம்பைக் காக்க வேண்டியதே உடம்பைத் தாக்குகிறதாம். அதை அடக்க மாத்திரை கொடுத்துவிட்டு, நீ அம்மை குத்திக்கொள்ளவே கூடாது என்றார். குத்துகிற அம்மைப்பால் மருந்தில் உயிருள்ள கிருமி இருக்கிறதாம், மாத்திரை சாப்பிடுகிற உடம்பு அதைத் தாங்காதாம். வீட்டில் வேறு யார் குத்திக்கொண்டாலும், குத்தின இடத்துப் புண் பொருக்குத் தட்டி உதிரும்வரை உன்னை நெருங்கக் கூடாதாம். அதனால் கலாவுக்கும் குத்தாமல் வைத்திருந்தோம்.

பிறகு பக்கத்துத் தெருவில் நிஜமாகவே அம்மை வந்தது. குத்திக்கொள்ளாதவன் ஆலைக்குள் வரக்கூடாது என்றார் மேஸ்திரி. குத்தாவிட்டால் நானே உனக்கு அம்மையைக் கொண்டுவருவேன், குத்தினால் புண்ணைக் கொண்டுவருவேன். குத்திக்கொண்டேன். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து உன் அக்காவை வரவழைத்து, உன்னையும் கலாவையும் அவரிடம் விட்டு, எதிர்வீட்டில் தங்கினேன். தினமும் நம் வாசலில் நின்று பேசினேன்.

"என்னாங்க, என் மூஞ்சியப் பாத்தா அருவருப்பா இருக்குதா?" என்று கேட்டாய்.

"பைத்தியம், பொருக்கு வுழட்டும். டாக்டர்தான் சொன்னாரு."

"ஊசி உங்களுக்கு. எனக்கு எப்பிடி வரும்?"

எனக்கே புரியாததை உனக்கு எப்படிச் சொல்வேன்? நீ பதில் கேட்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். எனக்குக் கோபம்கூட வந்தது தனம். யாருக்காக நான் தெருவில் நிற்கிறேன் என்று.

மூன்றாவது வாரம் அந்த லூபஸால் உனக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. டாக்டரிடம் கொண்டுபோகக் கார் பிடிப்பதற்குள் போய்விட்டாய். என் தோளில் பொருக்கு அப்போதும் விழவில்லை. அன்றைக்குத்தான் உன்னைத் தொட்டேன்.

பிறகு டாக்டரிடம் போய்க் கேட்டேன். "கிட்டப் போயிருந்தா தொத்தியிருக்கும்னு சொல்ல முடியாது. தொத்தாதுன்னும் சொல்ல முடியாதுங்க" என்றார். நான் செய்தது சரியா? நீ என்னை நம்பினாயா, அருவருப்பு என்றே நினைத்துப் போனாயா? இன்னும் மதில்மேல் பூனையாகத்தான் இருக்கிறேன்.

நேற்று அம்மை குத்துகிறவர் வீட்டுக்கு வந்தார். கலாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, உன் நோயைச் சொல்லி வேண்டாம் என்றேன். "கொழந்தைக்கு அந்த நோவு இல்லியேங்க. வூட்ல வேற யாருக்காச்சும் இருக்குதா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

நாளைக்குக் குத்தப்போகிறார்கள். உனக்கு வாக்குக் கொடுக்கிறேன் தனம்: பொருக்கு விழும்வரை நம் பிள்ளை என் மடியைவிட்டு இறங்கமாட்டாள். இனி இந்த வீட்டில் யாரும் யாரையும் விட்டு விலகி நிற்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
கலாவின் அப்பா, உன் வீட்டுக்காரன்