சங்கத்து நம்பருக்கு வந்த அழைப்பு

நேற்றுப் பின்னேரம் கணினிக்கு முன்னால் இருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது, நீர் பக்கத்தில் இல்லையே என்று உம்மேலும் கோபம் வந்தது. செத்துப்போனதற்காக ஒருவரோடு கோபிப்பது நியாயமில்லைத்தான். ஆனால் சரியான ஆளோடு சரியான இடத்தில் சண்டை பிடிக்கத் தெரிந்தவர் எனக்குத் தெரிந்து நீர் ஒருவர்தான்.

விஷயத்தைச் சொல்கிறேன். குருநகரில் நாம் இருவரும் எழுதுவினைஞர்களாக இருந்த மீனவர் சங்கத்துக்கு இப்போது ஓர் இணையத்தளம் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள், கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீட்டுக்காரர், சத்திரசிகிச்சைக்கு உதவி கேட்கிறவர்கள் எல்லாரும் அந்தத் தளத்தின் முகவரிக்குத்தான் மின்னஞ்சல் எழுதுவார்கள். சில மாதங்களாக ஒன்றும் வரவில்லை. "தளம் பழுதாப்போச்சு" என்று சொல்லிவிட்டு நிர்வாகத்தில் எல்லாரும் சும்மா இருந்தார்கள். நான் இருக்கவில்லை. டொமைனின், அதாவது ஒரு தளத்து முகவரியின், பெயரைக் கொடுத்தால் அதன் நேம் சேர்வர் எது என்று காட்டுகிற பக்கங்கள் உண்டு. அந்தப் பெயரைத் தேடி வருகிறவர்களையும், அந்தப் பெயருக்கு வருகிற கடிதங்களையும் எந்த வாசலுக்கு அனுப்புவது என்று சொல்கிற இடம் அது. பெயரைத் தட்டிப் பார்த்தேன். தளத்துக்கு ஒரு பழுதும் இல்லை. பெயர் சங்கத்துடையதுதான். நேம் சேர்வரோ, ஒரு காலம் நிர்வாகத்தில் இருந்துவிட்டு இப்போது வெளிநாட்டில் கொம்பனி நடத்துகிற ஒருவருடையது. அவருடைய கொம்பனியின் பெயரே அதில் கிடந்தது. சங்கத்துக்கு எழுதினதெல்லாம் அவருடைய வாசலுக்குத்தான் போயிருக்கிறது.

உமக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. டொமைன் என்ற சொல்லைக் கேள்விப்படாத காலத்திலேயே இதே வேலையைச் செய்து கண்டுபிடித்தவர் நீர்.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. குருநகரில் வீடுகளில் ஃபோன் அரிதாக இருந்த காலம். கொழும்பில் வேலை செய்தவனும், வெளிநாட்டுக்குப் போனவனும், ஆஸ்பத்திரியில் படுத்தவனும் சங்கத்து நம்பரைத்தான் சொந்த நம்பர்போலக் கொடுத்து வைத்திருந்தார்கள். அழைப்பு வந்தால் நீர் யன்னலால் தலையை நீட்டி, மீன் கூறுகிற இடத்தைப் பார்த்து ஆளின் பெயரைச் சொல்லிக் கத்துவீர். ஏலம் கூறுகிறவனின் சத்தமும் அதில் அடங்கிப்போகும். "எழுத்து வேலைக்கெண்டு எடுத்துப்போட்டு என்னைக் கோயில் மணியாக்கிப் போட்டாங்கள்" என்று சிரிப்பீர். ஆனால் ஒரு அழைப்பையும் நீர் சொல்லாமல் விட்டதில்லை. ஆள் கடலில் என்றால், வள்ளம் கரைக்கு வரும்வரை நின்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவீர்.

பிறகு ஆமி இருந்த கோட்டைப் பக்கம் சண்டை தொடங்கியது. ஒரு காலை ஃபோனை எடுத்தால் சத்தமே இல்லை. சங்கத்துச் செக்ரட்டரியார் வந்து காதில் வைத்துப் பார்த்தார். "லைன் செத்துப்போச்சு பிள்ளையள். உந்த நிலமையிலை ஆர் வந்து திருத்துறது?" என்றார். நம்பினோம். ஷெல் விழுந்து கூரைகளே போய்க்கொண்டிருந்தபோது ஒரு வயர் போனதில் யாருக்குச் சந்தேகம் வரும்? மேசையில் கிடந்த அந்தக் கறுப்பு ஃபோனை நீர் ஒவ்வொரு நாளும் தூசு துடைத்து வைத்தீர்.

அதற்குச் சற்று முன்புதான் உம்முடைய அப்பா நெஞ்சு வருத்தம் என்று கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். உம்முடைய ஒன்றுவிட்ட அண்ணை கூட இருந்து பார்த்துக்கொண்டார். ஃபோன் வேலை செய்யவில்லை என்று நீர் கடிதம் போட்டீர். கடிதம் எப்போது போய்ச் சேரும் என்று ஒருவராலும் சொல்ல முடியாத காலம் அது.

ஒருநாள் அண்ணை நேரே கந்தோருக்கே வந்து நின்றார். அப்பா போய்விட்டார். கொழும்பிலேயே அடக்கமும் முடிந்துவிட்டது. நீர் அழத் தொடங்குவதற்குள் அவர் உம்மேல் பாய்ந்தார்.

"ஏன் நீ வரேல்லை? மூண்டு தரம் ஃபோன் எடுத்துச் சொன்னனாங்கள். கடைசியா அப்பாவே கட்டிலாலை எழும்பி வந்து கதைச்சவர்."

"எந்த நம்பருக்கு எடுத்தனீங்கள்?"

"வேறை எந்த நம்பர்? சங்கத்துக்குத்தான்."

"சங்கத்து ஃபோன் செத்தெல்லோ கிடக்கு, அண்ணை."

"செத்த ஃபோனிலை ஆர் எங்களோடை கதைச்சது? ஒரு பொம்பிளை எடுத்தவ. சொல்லுறன் எண்டும் சொன்னவ."

நீர் என்னைப் பார்த்தீர். நான் உம்மைப் பார்த்தேன். அந்தக் கந்தோரில் பொம்பிளைகள் என்றால் நாம் இருவர்தான்.

அடுத்த நாள் காலை, வீங்கின கண்ணோடு என்னைத் தபால் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போனீர். நம்பரைச் சொன்னதும் அங்கிருந்தவர் சிரித்தார். "உது உங்கடை சங்கத்து நம்பரெல்லே? உங்கடை நம்பருக்கு இஞ்சை வந்து எடுக்கிறியள்?"

"ஆர் எடுக்கினம் எண்டு பாக்கத்தான்" என்றீர்.

மணி அடித்தது. நானும் காதைக் கிட்டக் கொண்டுவந்தேன். "ஹலோ, செக்ரட்டரியார் வீடு. ஆர் கதைக்கிறது?" என்றது செக்ரட்டரியாரின் மனைவியின் குரல்.

"சங்கத்திலையிருந்து கதைக்கிறம்."

"சங்கத்திலையிருந்தோ? சங்கத்திலை ஃபோன் இல்லையே" என்றார் அவர், ஒரு கள்ளமும் இல்லாமல்.

டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் விசாரித்தபோது மிச்சமும் வெளியே வந்தது. செக்ரட்டரியார் சங்கத்தின் பேரில் தானே எழுதிக் கொடுத்து, லைனைப் பக்கத்து ஊரான கொழும்புத்துறையில் இருக்கிற தன் வீட்டுக்கு மாற்றியிருந்தார். கொழும்பிலிருந்து இறால் வாங்குகிற முதலாளிமார் சங்கம் என்று நினைத்து எடுத்ததெல்லாம் அவருடைய வீட்டுக்குத்தான் போயிருக்கிறது.

பொதுக்கூட்டத்தில் நீர் அந்தச் செத்த ஃபோனைத் தூக்கிக்கொண்டுபோய் அவருக்கு முன்னால் வைத்தீர்.

"எல்லாம் ஒரு பாதுகாப்புக்குத்தான் பிள்ளை" என்றார். "இஞ்சை கிடந்தா ஷெல்லிலை போயிடும். உம்மடை அப்பாவின்ரை விஷயம், மனிசி சொல்ல மறந்துபோனா."

"ஆரைக் கேட்டு மாத்தினனீங்கள்?" என்று நான் எழும்பிக் கேட்டேன்.

"நான் செக்ரட்டரி. என்ரை கையெழுத்து ஒண்டே காணும்."

வள்ளத்து இயந்திரத்துக்குக் கடன் எடுக்க அவருடைய தயவு வேண்டியவர்கள்தான் அந்த மண்டபத்தில் பாதிப் பேர். அவர்களில் ஒருவர் எழும்பி, "நடந்தது நடந்துபோச்சுது. ஃபோனைத் திருப்பித் தருவார்தானே, விடு பிள்ளை" என்றார். தகப்பனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கிடைக்காத ஒருத்தியைப் பார்த்து அப்படிச் சொல்ல வாய் வந்தது.

"ஃபோன் ஆருக்கு வேணும்?" என்றீர். "எங்கடை பேரைச் சொல்லிக் கூப்பிட்டா எங்களிட்டை வரவேணும். அவ்வளவுதான் நான் கேக்கிறது."

லைன் திரும்பி வந்தது. மன்னிப்பு வரவில்லை. அவர் செக்ரட்டரியாகவே இருந்தார். தொண்ணூறில் குடாநாட்டு ஃபோன்கள் எல்லாமே ஊமையானபோது அந்த நம்பரும் போனது. இன்றைக்குச் சங்க மண்டபத்தில் அவருடைய படம் மாலையோடு தொங்குகிறது. அந்தப் பக்கத்துக் கதிரையில் நான் இருப்பதில்லை.

நேற்று அந்த வெளிநாட்டுக் கொம்பனிக்காரரை ஃபோனில் கூப்பிட்டேன். நல்ல மரியாதையான பேச்சு. "என்ரை கையிலை இருந்தாத்தான் பாதுகாப்பு, அக்கா. அங்கை ஆருக்கு உது தெரியும்?" என்றார். அதே சொல். இவ்வளவு காலமாகியும் இவர்களுக்கு வேறொரு சொல் கிடைக்கவில்லை. சங்கத்துக்கு வந்த மின்னஞ்சல்கள் எங்கே என்று கேட்டேன். "கனக்க வந்து நிறைஞ்சு கிடந்தது. வாசிக்க எங்கை நேரம்? அழிச்சுப்போட்டன்" என்றார். அதற்குப் பிறகு நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. நீர் கேட்டிருந்தால் கைதட்டியிருப்பீர்.

அவர் அழித்துப்போட்டேன் என்றபோது எனக்கு நினைவுக்கு வந்தது தொண்ணூற்றைந்து. ஆமி வருகிறது என்று ஊரே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்து, கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறைக்குள் நெருக்கியடித்துக் கிடந்தோம். செக்ரட்டரியார் அதற்கு முன்பே இறந்துவிட்டார். அவருடைய மனைவி தனியாக, ஒரு துணிப் பையோடு எங்கள் மூலைக்குத்தான் வந்து சேர்ந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீரோ உம்முடைய தேத்தண்ணியில் பாதியை அவருக்கு ஊற்றிக் கொடுத்தீர். அவர் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, மெல்லக் கேட்டீர்.

"என்ரை அப்பா என்ன சொன்னவர்?"

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. இத்தனை வருடமும் அந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்.

"மாதாவாணை ஞாபகமில்லைப் பிள்ளை. அடுப்பிலை கறி கிடந்தது, நான் அவசரத்திலை நிண்டனான். அவர் கனநேரம் கதைச்சவர். நடுவிலை இருமல். மகளிட்டைச் சொல்லுங்கோ எண்டுதான் தொடங்கினவர். முடியேக்கை, சொல்லுவியள்தானே, சொல்லுவியள்தானே எண்டு திருப்பித் திருப்பிக் கேட்டவர். நான் ஓம் எண்டனான்."

நீர் அவருடைய கையிலிருந்த கோப்பையை வாங்கிக் கழுவி வைத்தீர். அவரை நீர் மன்னித்தீர் என்று நினைக்கிறேன். நான் மன்னிக்கவில்லை. கடைசி வருத்தத்தில் நீர் படுத்திருந்தபோதுகூட, "அவர் என்ன சொல்லியிருப்பார்?" என்று என்னிடம்தான் கேட்டீர். சுகமாய் இரு என்றிருப்பார் என்று நான் சொன்னதை நீர் நம்பவில்லை. நானும் நம்பிச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். டொமைனைத் திருப்பித் தருவார்தானே, விடுங்கோ அக்கா என்று யாரோ ஒருவர் எழும்பிச் சொல்லத்தான் போகிறார். நான் டொமைனைப் பற்றிக் கேட்கப் போவதில்லை. எங்களை நம்பி எழுதினவர்கள் என்ன எழுதினார்கள் என்று கேட்கப்போகிறேன். அதற்குப் பதில் இல்லை என்று தெரிந்துகொண்டுதான் கேட்கப்போகிறேன்.