பதினெட்டு வயது உயரம்

ஹவுன்ஸ்லோ, லண்டன்
14 மே 2006

என் தம்பிக்கு,

நீ அடுத்த அறையில்தான் இருக்கிறாய். சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன்.

நேற்று மைதானத்தில் ஆட்டக்காரர் தேர்வுக்கு முன் அந்த அமெரிக்கன் ஃபுட்போல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "உள்ளுக்க நான் இருக்கிறனோ எண்டு பாருங்கோ அக்கா" என்று சிரித்தாய். பிறகு ஓடினாய். உனக்கு எறிந்த ஐந்து பந்துகளையும் பிடித்தாய். உன்னைத் துரத்திய ஒருவனாலும் உன்னைத் தொட முடியவில்லை.

அமெரிக்காவிலிருந்து ஆள் எடுக்க வந்த கோச் உன் படிவத்தைப் பார்த்தார். "வேகம் இருக்கிறது. ஆனால் பதினெட்டு வயதில் இந்த உயரம் என்றால் இனி வளரமாட்டான். அங்கே பெரிய உடம்புக்காரர்கள் மோதி நொறுக்கிவிடுவார்கள்" என்றார். நான் தலையாட்டினேன்.

பஸ்ஸில் நீ கேட்டாய்: "கட்டையன் எண்டா ஸ்டாராக ஏலாதோ அக்கா?"

நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தபோது, ஏஜென்ட் தந்த பாஸ்போர்ட்டில் வேறொரு பிள்ளையின் பிறந்த திகதி இருந்தது. "அதையே சொல்லுங்கோ, மாத்தினா திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்" என்றான். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அதிகாரியிடம் நான்தான் பேசினேன். உனக்கு மூன்று வயது. ஐந்து என்றேன். அம்மா சாகும்வரை அதைப் பற்றி நாங்கள் பேசவேயில்லை. உண்மை தெரிந்தால் நம் விசா என்னாகும் என்ற பயம் இன்னும் போகவில்லை.

உனக்குப் பதினாறு வயதுதான். நீ இன்னும் வளர்வாய்.

கோச்சின் விமானம் இன்று காலை பதினொரு மணிக்கு. அது போகும்வரை காத்திருந்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

உன் அக்கா