எல்லார் துணியும் ஒரே கொடியில்

ஜூன் 3

மன்னிக்கணும். நோட்டுப் போட்டு எழுதும் அளவுக்கு என் வாழ்க்கையில் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. ஆனால் வாயில் வராததை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டுமே.

இந்தக் கட்டடத்தில் எல்லார் துணியும் மொட்டை மாடியில் ஒரே கொடியில்தான் காயும். மழை வந்தால் வீட்டில் இருப்பவர் அத்தனையையும் எடுத்து, மடித்து, அவரவர் வாசலில் வைத்துவிடுவார். யாரும் போட்ட சட்டம் இல்லை. பெரும்பாலும் ஓடுவது மேல்வீட்டு நர்ஸ் அக்காதான். அவருக்கு இரவு வேலை. பகல் தூக்கத்தைப் பாதியில் விட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடுவார்.

நேற்று மழையில் கீழ்வீட்டு டெய்லர் அத்தையின் புதுப் போர்வை காணாமல் போய்விட்டது.

ஜூன் 4

படிக்கட்டில் அத்தை சத்தமாக: "நான் யாரையும் சொல்லலப்பா. பகல்ல மாடிக்குப் போறது யாருன்னு நீங்களே யோசிங்க."

யோசித்தோம். நானும்தான்.

ஜூன் 9

இப்போது அவரவர் துணியை அவரவர் எடுக்கிறார்கள். அக்கா தன்னுடையதைத் தவிர எதையும் தொடுவதில்லை. அம்மாவும் வேலைக்குப் போகிறவள். நான் ஆபீஸ் விட்டு வந்தால், என் சுடிதார் சொட்டச் சொட்டத் தொங்குகிறது.

ஜூன் 14

ஞாயிறு. தூறல் விழுந்ததும் மாடிக்கு ஓடினேன். எங்கள் துணிக்குப் பக்கத்தில் அக்காவின் வெள்ளை யூனிபாரம். தூங்குகிறார் போல. கையை நீட்டினேன் — அத்தை பார்த்தால்? "நீயும் அவ பக்கமா?" என்று கேட்டால்?

எங்களுடையதை மட்டும் அள்ளிக்கொண்டு இறங்கிவிட்டேன். மழை வலுத்தது. ராத்திரி அதைத்தானே அவங்க போட்டுட்டுப் போகணும்? சே, என்ன பொண்ணு நான்.

ஜூன் 15

அம்மாவிடம் சொன்னேன்.

"குடும்பத்துலயே முதல்ல பட்டம் வாங்கினவ. வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

"நீ பேசேன்மா."

"நான் பேசினா சண்டைதான் வரும். தெரியாதா உனக்கு?"

தெரியும்.

ஜூன் 17

அக்கா வேறு வீடு பார்க்கிறாராம். வீட்டுக்காரர் சொன்னார்.

ஜூன் 18

போர்வை கிடைக்கவில்லை. கிடைத்துவிட்டால் பேசலாம் என்றுதான் இத்தனை நாள் இருந்தேனா? கிடைக்காமலே போனால்?

ஜூன் 19

காலையிலேயே வானம் கருத்துக் கிடந்தது. நான் வாளி நிறையத் துவைத்தேன்.

"இந்த இருட்டுலயா? மூளை கீளை கழண்டுடுச்சாடி?"

பட்டமளிப்பு விழாவுக்கு வாங்கிய புடவையையும் சேர்த்துக் காயப்போட்டேன். அம்மா அதைப் பார்த்தாள். பிறகு காலி வாளியை எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கிவிட்டாள்.

இறங்கும்போது அக்கா வேலை முடிந்து ஏறி வந்துகொண்டிருந்தார். அத்தை வீட்டுக் கதவு திறந்திருந்தது, தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா சுவரோரமாக ஒதுங்கி எனக்கு வழி விட்டார். நான் போகவில்லை. மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும்படி சொன்னேன்:

"அக்கா, நான் வேலைக்குக் கிளம்பிட்டேன். மழை வந்தா எங்க துணியையும் எடுத்து வச்சிடுறீங்களா?"