வெர்னீஸை வழியனுப்பிய சனிக்கிழமை

டெட்ராய்ட்
பிப்ரவரி 1994

அன்பு மகள் யோலண்டாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தரின் கிருபையில் நானும் உன் அம்மாவும் விழுந்து எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், லண்டன் குளிரில் நீ தொண்டையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். இங்கே பனி விட்டபாடில்லை, காலையில் காரைத் தோண்டி எடுத்துவிட்டுத்தான் தொழிற்சாலைக்குப் போகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் பாடகர் குழு ஒத்திகையை விடமாட்டேன் என்கிறாள். உன் கடிதம் கிடைத்தது. உங்கள் பாட்டுக்குழு மூவரில் பட்ரீஸை மட்டும் நீக்கிவிட்டு வேறொரு பெண்ணைப் போட இசைத்தட்டுக் கம்பெனி முடிவு செய்திருக்கிறது, அவளுக்கு இன்னும் தெரியாது, இதில் நான் என்னப்பா செய்ய முடியும் என்று கேட்டிருந்தாய். வாயை மூடிக்கொண்டு பாட்டைப் பார் என்று பதில் எழுதி உறையில் போட்டும் வைத்திருந்தேன். அதற்குள் வெர்னீஸ் இறந்துபோன செய்தி வந்தது. அந்த உறையைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

வெர்னீஸ் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஜூனிபர்ஸ் பாட்டுகளைக் கேட்டுத்தான் நீ வளர்ந்தாய். நடுவில் நின்று பாடிய ஷார்லீனைத்தான் ஊரே பார்த்தது, எனக்கு எப்போதும் இடது பக்கம் நின்ற வெர்னீஸின் அடிக்குரல்தான். உன் வென்டெல் மாமா ஒத்துக்கொள்ளவே மாட்டான். "ஷார்லீன் இல்லேன்னா ஜூனிபர்ஸே இல்லடா, உன் ஆளு சும்மா ஊ ஊன்னு ஊதிக்கிட்டு நின்னா" என்பான். "அந்த ஊ ஊவை எடுத்துட்டுப் பாரு, உன் ஷார்லீன் பாட்டு தரையில்லாத வீடு" என்று நானும் விடமாட்டேன். ரசிகர்கள் நாங்கள் கூடுகிற இடமெல்லாம் இந்தச் சண்டைதான், கோழி வறுவல் ஆறிப்போகும், சண்டை ஆறாது. ஆனால் ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒன்று. வெர்னீஸ் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டுத் தானாகத்தான் குழுவை விட்டுப் போனாள், அன்று கம்பெனி பத்திரிகையில் அப்படித்தான் போட்டிருந்தார்கள், இத்தனை வருஷமும் அதை நாங்கள் வேதவாக்காக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஷார்லீன் இறந்தபோது எப்படி வழியனுப்பினோம் என்று உனக்கு நினைவிருக்கும். அவர்கள் மேடையில் போட்ட கவுனின் நிறத்தில், எலுமிச்சை மஞ்சளில், ரசிகர்கள் அத்தனை பேரும் கழுத்துத்துணியும் டையும் கட்டிக்கொண்டு போனோம், தேவாலயமே மஞ்சளாக இருந்தது, ஷார்லீன் வீட்டார் எங்களைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அதனால் வெர்னீஸுக்கும் அதே மரியாதை என்று யாரும் யோசிக்காமலே முடிவாகிவிட்டது. சனிக்கிழமை காலை பதினெட்டுப் பேர் மஞ்சள் கட்டிக்கொண்டு தேவாலய வாசலில் போய் நின்றோம். வெர்னீஸின் தங்கை ஓபல் கதவருகே நின்று வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தவள், எங்களைப் பார்த்ததும் கையை நீட்டி வழியை மறித்துவிட்டாள்.

"அந்தக் கலரோட எங்க அக்கா பக்கத்துல வராதீங்க" என்றாள். வென்டெல் ஏதோ மரியாதை, அன்பு என்று தடுமாறினான். "யாருக்கு மரியாதை? கிளீவ்லண்டுல நிகழ்ச்சிக்கு முன்னாடி அந்தக் கவுனைக் கழட்டுடின்னு சொல்லி வாங்கி, அந்தச் சூடு ஆறறதுக்குள்ள வேறொருத்திக்குப் போட்டு மேடையேத்தினாங்க. எங்க அக்கா உள்பாவாடையோட ஒப்பனை அறை மூலையில உக்காந்து அந்தப் பாட்டு முழுசையும் கேட்டுக்கிட்டிருந்தா. கல்யாணமாம் கல்யாணம்! எவன் வந்தான் அவளைக் கட்ட?" என்றாள். கம்பெனிக்காரன் அநியாயக்காரன்தான் என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். ஓபல் இல்லை என்று தலையை ஆட்டினாள். "கம்பெனியை அவ எப்பவோ மறந்துட்டா. ஷார்லீன் அந்த அறையிலதான் இருந்தா. அவளும் எங்க அக்காவும் ஒரே கட்டில்ல படுத்து வளர்ந்தவளுங்க. அவ கண்ணாடியைப் பார்த்துப் புருவம் வரைஞ்சுக்கிட்டே இருந்தா, திரும்பிக்கூடப் பார்க்கல. சாகற வரைக்கும் எங்க அக்கா சொல்லிச் சொல்லி அழுதது அதைத்தான்" என்றாள்.

அந்தக் குளிரில் ஒவ்வொருவராக மஞ்சளைக் கழுத்திலிருந்து அவிழ்த்து வென்டெலின் கார் டிக்கியில் போட்டுவிட்டு, திறந்த கழுத்தோடு உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். நினைவைப் பகிர விரும்புகிறவர்கள் இரண்டே நிமிஷம் பேசலாம் என்று போதகர் கூப்பிட்டபோது வென்டெல் எழுந்தான். மைக்கைக் கண்டால் விடாத ஆள், முன்னால் போய் நின்று தொண்டையைச் செருமினான், சவப்பெட்டியைப் பார்த்தான், "மன்னிச்சிடும்மா" என்றான், திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டான். சாப்பாட்டுக்கு இருக்கச் சொல்லி ஓபலே கூப்பிட்டாள், எங்களுக்குத்தான் தட்டைத் தொட மனமில்லை.

மறுநாள் தேவாலயத்திலிருந்து வந்ததும் ஜூனிபர்ஸ் இசைத்தட்டைப் போட்டேன். ஷார்லீன் குரல் எடுத்ததும் என்னால் கேட்க முடியவில்லை, முள்ளைத் தூக்கிவிட்டேன். அடுக்களையிலிருந்து அம்மா, "என்ன, தட்டு கீறிடுச்சா?" என்று கேட்டாள், ஆமாம் என்று சொல்லிவிட்டேன். என் இளமைக்கு இருந்த ஒரே சந்தோஷம் அந்தப் பாட்டு, அதை யார் இப்போது எனக்குத் திருப்பித் தருவார்கள் என்று தெரியவில்லை.

யோலண்டா, ஷார்லீன் கெட்டவள் இல்லை. அப்போது இருபத்திரண்டு வயசுப் பெண், பயந்திருப்பாள், பேசினால் தனக்கும் அதே கதி என்று நினைத்திருப்பாள், அது உண்மையாகவும் இருந்திருக்கும். பட்ரீஸுக்காக நீ பேசினால் உன்னையும் அவர்கள் அனுப்பக்கூடும், அதை மறைத்து உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். உன் பெயர் சுவரொட்டியில் வரவேண்டும் என்று உன்னைவிட அதிகமாக ஆசைப்பட்டவன் நான், இதை எழுத என் கை வரவில்லை. அப்படி அனுப்பிவிட்டால் வீட்டுக்கு வா, உன் அறை அப்படியேதான் இருக்கிறது, யாரும் உன்னை ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். தொலைபேசியில் சொல்லியிருப்பேன், நீ பேச்சை மாற்றிவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன். இது வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்திருக்குமோ என்ற பயமும் இருக்கிறது.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, அம்மாவின் முத்தங்கள். மாத்திரையை மறக்காதே, ஈரத்தலையோடு வெளியே போகாதே. முடிவு கம்பெனியுடையதுதான், நீ எழுதியது சரி. ஆனால் அதை அவர்கள் சொல்லும்போது பட்ரீஸ் கம்பெனிக்காரன் முகத்தைப் பார்க்கமாட்டாள், உன் முகத்தைத்தான் பார்ப்பாள்.

உன் அப்பா,
லூஷியஸ் பெட்வே