அக்காவின் இரண்டாவது வோட்டு

அக்கா,

உங்கள் மகள் நேற்று என்னைக் கூப்பிட்டு ஒரு பை நிறையச் சேலை தந்தாள். "அம்மா உங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னாங்க ஆன்ட்டி" என்றாள். வீட்டுக்கு வந்து கட்டிலில் கொட்டினேன். பூச்சி உருண்டை மணம் அறை முழுக்க அடித்தது. நீலக் காஞ்சிபுரத்தை எடுத்து உதறியபோது மடிப்புக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் துண்டு விழுந்தது. அன்றைக்கு ரீவியில் உங்கள் கழுத்தில் பார்த்த அதே துண்டு.

உங்கள் செத்தவீட்டு அழுகையே இன்னும் ஓயவில்லை. அதற்குள் பழைய சந்தேகம் எழும்பிவிட்டது. இதை ஏன் எறியாமல் வைத்திருந்தீர்கள்? எனக்குத் தருகிற சேலைக்குள் ஏன் இருந்தது? தெரிந்து வைத்தீர்களா, மறந்து விட்டீர்களா?

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் கேட்க முடியாமல் போனதை எழுதிப் பார்க்கிறேன்.

கட்சி மாநாட்டுக்கு உங்களைப் பேராளர் ஆக்கியது நாங்கள்தான், அது உங்களுக்கும் தெரியும். கட்சிக்குப் புதுத் தலைவர் எடுக்கப்போகிறார்கள், அந்தக் கட்சி வென்றால் அவர்தான் பிரதமர், ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஆட்கள் போய் வோட்டுப் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு எங்கள் கட்டடத்துக்கு ஆட்கள் வந்தார்கள். அதில் தொகுதிச் செயலாளரின் மனைவிதான் முன்னுக்கு நின்றா. எந்தக் குளிருக்கும் எந்த வெயிலுக்கும் ஒரு தொப்பி. நாங்கள் அவவுக்குத் தொப்பிக்காரி என்றே பெயர் வைத்தோம். பேராளர்களில் ஒரு பொம்பிளையும் வேண்டுமாம். இங்கிலீஷ் பேசுகிற, வங்கியில் வேலை செய்கிற, சேலை கட்டுகிற உங்களைக் கண்டதும் அவவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அப்பவே எனக்கு அது பிடிக்கவில்லை.

பள்ளிக்கூட பஸ் ஒன்றைக் கொண்டுவந்து எங்களை ஏற்றினார்கள். சேலைக்கு மேலே குளிர்கோட்டுப் போட்டுக்கொண்டு தேவாலயத்து நிலவறைக்குப் போனோம். உங்கள் பெயரைச் சொல்லிக் கையைத் தூக்கு என்ற இடத்தில் தூக்கினோம். கோப்பியும் கேக்கும் தந்து திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். எங்கள் கட்டடத்து ராசம்மாக்கா பஸ்ஸில் வைத்தே உங்களைப் பற்றிச் சொன்னா: "இவ இந்தியாக்காரி. எங்கட ஆள் எண்டு நம்பேலாது." ஆனாலும் எங்கள் கைகளால் போனவ என்ற உரிமை எல்லாருக்கும் இருந்தது.

தலைவர் பதவிக்கு நின்ற மூன்று பேரின் பெயரும் எங்கள் வாயில் நுழையவில்லை. மொட்டையர், கண்ணாடிக்காரர், நெடுவலர் என்று வைத்துக்கொண்டோம். மொட்டையரின் ஆட்கள் கழுத்தில் நீலத் துண்டு, கண்ணாடிக்காரருக்கு மஞ்சள், நெடுவலருக்குப் பச்சை. இங்கே வந்து வேலை செய்துகொண்டிருக்கிறவர்களைத் துரத்தக் கூடாது என்று மொட்டையர் ஒரு மேடையில் சொன்னார். கதவை அளவுக்கு மிஞ்சித் திறந்துவிட்டோம் என்றார் கண்ணாடிக்காரர். நெடுவலர் எதைக் கேட்டாலும் சிரித்தார்.

எனக்கு அது பேப்பர்ச் செய்தி இல்லை. என் தம்பி குகன் விசிட்டில் வந்து நின்றவன். விசா முடிந்து, பேக்கரியின் பின்பக்கத்தில் மாக் குழைத்துக்கொண்டிருந்தான். குடிவரவுக் கந்தோருக்கு விசாரணைக்கு வரச்சொல்லி அழைப்பும் வந்துவிட்டது. ராசம்மாக்காவின் தமையன் மகனுக்கும் அதே நிலைமை. இரண்டு வீட்டிலும் கதவு தட்டுப்பட்டால் பொடியன்கள் குளியலறைக்குள் போய்விடுவார்கள்.

அதனால்தான் உங்களை விடாமல் பிடித்தோம். ஒவ்வொரு ஞாயிறும் சாப்பாட்டோடு உங்கள் வீட்டுக்கு வந்தோம். எலிவேற்றரில் பிடித்தோம், லோண்ட்றியில் பிடித்தோம். இடியப்பமும் சொதியும் மேசையில் வைத்த அன்று நீங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது.

"ஏண்டி, எங்க ஊர்ல வேட்பாளர் ஓட்டுப் போடுறவனுக்குச் சோறு போடுவான். இங்க ஓட்டுப் போடப்போற எனக்கு ஊரே சோறு போடுது. இப்படியே போனா நான் கதவுக்குள்ள நுழைய முடியாதும்மா."

"நீங்கள் மொட்டையருக்குப் போட்டிட்டு வாங்கோ அக்கா. பிறகு கதவை உடைச்சுப் பெருப்பிக்கலாம்" என்றா ராசம்மாக்கா.

நீங்கள் சிரித்தீர்கள். ஆனால் "போடுறேன்" என்று சொல்லவில்லை. அதே ஞாயிறு நாங்கள் படியிறங்கும்போது தொப்பிக்காரியின் வெள்ளைக் கார் வாசலில் வந்து நின்றது. கையில் பூக்கூடை. அவ கண்ணாடிக்காரரின் பக்கம் என்று கட்டடம் முழுக்கக் கதை. மறுநாளும் வந்தது. உங்களைக் கூட்டிக்கொண்டு எங்கேயோ போய், பொழுதுபடக் கொண்டுவந்து விட்டது. "எங்கை போனனீங்கள் அக்கா?" என்று கேட்டேன். "சும்மா, டீ குடிக்க" என்றீர்கள். டீ குடிக்கிறதுக்கு அவ்வளவு தூரமா என்று நான் கேட்கவில்லை.

பிறகுதான் ராசம்மாக்கா கற்பூரத்தை எடுத்தா. "வாயால சொல்லுறது காத்தோட போகும். கொளுத்தி வைச்சுக் கேப்பம்."

உங்கள் சமையலறையில் முருகன் படத்துக்கு முன்னால் ஒரு தட்டில் கற்பூரம் ஏற்றினோம். புகை வெளியே போனால் கட்டடத்து மனேச்சர் வந்துவிடுவான் என்று கதவுக் கீழிடைவெளியில் ஈரத் துவாயை அடைத்தது நான். "மொட்டையருக்கு வோட்டுப் போடுவன் எண்டு கையடிச்சுச் சத்தியம் பண்ணுங்கோ" என்றா ராசம்மாக்கா. உங்களுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். நீங்கள் கைகழுவி, துடைத்து, நெருப்புக்கு மேலே கையை நீட்டி, சொன்னபடியே சொன்னீர்கள்.

வெளியே வந்ததும் ராசம்மாக்கா என் முழங்கையைப் பிடித்தா. "கேட்ட உடனே நீட்டிப்போட்டா. இதிலை ஏதோ கிடக்கு."

"சத்தியம் பண்ணாட்டிலும் ஏசுவீங்கள், பண்ணினாலும் ஏசுறீங்கள்" என்று நான் உங்களுக்காகக் கதைத்தேன். ஆனால் அன்றிரவு வெள்ளைக் கார் வருகிறதா என்று யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாநாட்டு நாள் எங்கள் வீட்டு ரீவிக்கு முன்னால் எல்லாரும் கூடியிருந்தோம். குகன்தான் இங்கிலீஷ் விளங்கிச் சொன்னான். வோட்டு எண்ணினார்கள். மொட்டையர் கடைசி.

"முடிஞ்சுதோ?" என்று கேட்டேன்.

"இல்லை அக்கா. ஆருக்கும் பாதிக்கு மேல வரேல்லை. கடைசியா வந்தவரை எடுத்துப்போட்டு, இருக்கிற ரெண்டு பேருக்கும் திருப்பி வோட்டுப் போடுவினம்."

"திருப்பியோ? போட்ட ஆக்களே திருப்பிப் போடுவினமோ?"

"ஓம். இப்ப அவையள் விரும்பின ஆளுக்குப் போடலாம்."

ராசம்மாக்கா என்னைப் பார்த்தா. நான் நிலத்தைப் பார்த்தேன். எங்கள் ஊரில் வோட்டு என்றால் ஒருதரம் போட்டு, வீட்டுக்கு வந்து, விடிய றேடியோவில் கேட்பது. அந்த நினைப்பில் ஒரு வோட்டுக்குத்தான் சத்தியம் வாங்கியிருந்தோம். வங்கியில் வேலை செய்கிற உங்களுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துதான் அவ்வளவு சுறுக்காகக் கையை நீட்டினீர்களா?

மொட்டையர் எழும்பி நடந்துபோய் நெடுவலரின் கையைப் பிடித்துத் தூக்கினார். நீலத் துண்டு கட்டியவர்கள் எல்லாம் பச்சைக்கு மாறினார்கள். எங்களுக்கு மூச்சு வந்தது. அப்பொழுது படம் கூட்டத்தின் பக்கம் திரும்பியது. நீங்கள் நின்றீர்கள், அக்கா. நீலச் சேலை, குங்குமப் பொட்டு, கழுத்தில் மஞ்சள் துண்டு. பக்கத்தில் தொப்பி.

"அது அக்காதானே?" என்றான் குகன். கண்ணாடிக்காரர் மயிரிழையில் வென்றார். மேலேயிருந்து பலூன் கொட்டியது. ராசம்மாக்கா தன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு சொல்லாமல் போனா.

நீங்கள் திரும்பி வந்ததும் லோண்ட்றியில் வைத்துக் கேட்டேன். ஈரத் துணியை ஒவ்வொன்றாக எடுத்து உதறியபடி சொன்னீர்கள்: "நான் பண்ணின சத்தியத்துல ஒரு குறையும் இல்ல."

"முதல் வோட்டைக் கேக்கேல்லை அக்கா. ரெண்டாவதை."

"அது ரகசிய ஓட்டு."

"மஞ்சள் துண்டு ரகசியம் இல்லையே. நாடே பாத்தது."

"பக்கத்துல இருந்தவ போட்டுவிட்டா. துண்டைப் பாத்து நீ முடிவு பண்ணிட்டா நான் என்ன சொல்றது?"

பிறகு ஞாயிறுகளில் ஒருவரும் உங்கள் வீட்டுக்கு வரவில்லை. எலிவேற்றரில் நீங்கள் நின்றால் பெண்கள் அடுத்ததுக்குக் காத்து நின்றார்கள். நானும் நின்றேன்.

பனி கரையத் தொடங்கிய நேரம் குடிவரவுக் கந்தோரிலிருந்து குகனுக்குக் கடிதம் வந்தது. இருக்கலாம், வேலை செய்யலாம் என்று. எங்கள் தொகுதி எம்.பி. அவனுக்காகப் பேசியிருக்கிறார் என்று கந்தோரில் ஒருவர் சொன்னாராம். எங்கள் எம்.பி.யை நாங்கள் கண்டதே இல்லை. கண்ணாடிக்காரரின் ஆள் அவர் என்பது மட்டும் தெரியும். அடுத்த கிழமையே ராசம்மாக்காவின் தமையன் மகனை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

நான் கேசரி கிண்டிக்கொண்டு உங்கள் கதவைத் தட்டினேன். "குகனுக்குச் சரிவந்திட்டுது அக்கா." நீங்கள் கிண்ணத்தை வாங்கினீர்கள். "ரொம்ப நல்லது. தங்கமான பையன்" என்றீர்கள். எப்படிச் சரிவந்தது என்று கேட்கவில்லை. இந்தக் கட்டடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்காத ஒரே ஆள் நீங்கள். அன்றிலிருந்து என் சந்தேகம் திசை மாறியது. எங்கள் எல்லாரையும் நீங்கள் விற்றுவிட்டீர்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். விற்றது எனக்காகவா? ஒருவனுக்குத்தான் இடம் என்று அந்தக் காரில் வைத்துச் சொன்னார்களா? அப்படியென்றால் ஏன் என் தம்பி? கேசரியின் சூடு ஆறாத கையோடு நின்றுகொண்டு, இதில் ஒன்றையும் கேட்காமல் திரும்பினேன்.

நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்தேன். ஒருநாள் கரண்டியைத் தள்ளிவிட்டு என் முகத்தையே பார்த்தீர்கள். "மனசுல ஒண்ணு வெச்சுக்கிட்டே வர்ற. கேளேன்."

நான் "தண்ணி வேணுமோ அக்கா?" என்று கேட்டேன்.

"குடு" என்றீர்கள். இரண்டு மிடறு குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். அதுதான் கடைசிச் சந்தர்ப்பம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

உங்கள் செத்தவீட்டுக்குத் தொப்பிக்காரி வந்தா. கறுத்த தொப்பி. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதா. பொய்யழுகை என்று சொல்ல மனம் வரவில்லை. பிறகு நேரே என்னிடம் வந்து என் இரண்டு கையையும் பிடித்தா. அவவோடு நான் ஒருநாளும் கதைத்ததில்லை. இங்கிலீஷில் ஏதோ சொன்னா. எனக்கு விளங்கியது ஒரு சொல்தான். "குகன்." சுகமா இருக்கிறானா என்று கேட்கிறா போலிருந்தது.

பக்கத்தில் ராசம்மாக்கா நின்றா.

"உன்ர தம்பியின்ர பேர் அவவுக்கு எப்பிடித் தெரியும்?"

நீங்கள் பெட்டிக்குள் படுத்திருக்கிறீர்கள். உங்களைக் காட்டிச் சொல்லியிருக்கலாம். தொப்பிக்காரியிடம்தான் கேட்க வேண்டும் என்றாவது சொல்லியிருக்கலாம். "தெரியாது" என்றேன். ராசம்மாக்கா என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தா. லோண்ட்றியில் நான் உங்களைப் பார்த்த பார்வை எப்படி இருந்திருக்கும் என்று அப்போது விளங்கியது.

இன்று காலை எலிவேற்றர் திறந்தபோது உள்ளே நான் மட்டும்தான் நின்றேன். வெளியே ராசம்மாக்கா சாமான் பையோடு நின்றா. "நீ போ. நான் அடுத்ததிலை வாறன்" என்றா. கதவு மூடியது.