நண்டுகள் கரை ஒதுங்கிய வாரம்

நேற்று கூவம் ஆற்றில் புது வெள்ளம் வந்தது. எங்கள் ஊர் நூம்பல் கரையோரம் செம்மண் நிறத்தில் நுரை கட்டிக்கொண்டு ஓடியது. அழுகிய கோரையும் சேறும் கலந்த வாசனை. துவைக்கப் போன நான் மூட்டையை இறக்கி வைக்காமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். யுத்தம் முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நீ கண்ணை மூடியது அதற்கும் சில மாதம் முன்னால். அந்த வாசனை வந்தால் இப்போதும் ஆற்றங்கரையில் நிற்க முடிவதில்லை.

பூந்தமல்லி மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள் நான். உனக்கு எழுத்து தெரியாது. தெரிந்து என்ன ஆகப் போகிறது, இனி படிக்கவா போகிறாய் என்றுதான் துணிந்து எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணத்து ஜனமெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய கோடையில் நீ எங்கள் வீட்டுக்கு வந்தாய். உன் புருஷன் பூந்தமல்லி சந்தைக்குக் கருவாடு கொண்டுவருகிறவர். என் கொழுந்தனாருக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்தில் மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறை உனக்கும் உன் மகளுக்கும் கிடைத்தது. உன் புருஷன் கட்டுமரத்தை விட்டு வரமாட்டேன் என்று கடற்கரைக் குப்பத்திலேயே தங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் கிளம்பி வந்து உங்களைப் பார்த்துவிட்டுப் போவார்.

என் வீட்டுக்காரர் ஆவடி மிலிட்டரி கேம்ப்பில் கொட்டகை போடும் வேலையில் இருந்தார். மாதத்துக்கு இரண்டு முறைதான் வருவார். ஆகாயத்தில் விமானச் சத்தம் கேட்டால் நான் நெல்லுக் குதிருக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொள்வேன். நீ முற்றத்துக்கு ஓடி அண்ணாந்து பார்ப்பாய்.

"தெரியாததுக்குத்தான்மே பயம். பாத்துட்டா பாதி பூடும்" என்பாய்.

அந்த ஐப்பசியில் மழை மூன்று நாள் விடவில்லை. ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. ஞாயிற்றுக்கிழமை உன் புருஷன் வரவில்லை. திங்களும் வரவில்லை. ரோட்டில் தண்ணீர் நிற்கிறது, அதனால்தான் என்று நாம் சொல்லிக்கொண்டோம். செவ்வாய்க்கிழமை காலையில், பட்டணத்துக்குக் காய்கறி வண்டி ஓட்டிப் போன கொழுந்தனார் திரும்பி வந்தார். மாட்டை அவிழ்க்கும் முன்னாலேயே சொன்னார்.

"அண்ணி, கடக்கர பூரா நண்டு செத்து ஒதுங்கிக் கீது. பாம்பு மாரி மீனெல்லாம் கீது. ஜப்பான்காரன் கடல்ல விஷத்தைக் கலந்துட்டானாம். கட்டுமரத்துல போனவங்க ஒர்த்தரும் திரும்பலன்றாங்க."

நீ கொட்டகை வாசலில் நின்றிருந்ததை அவர் கவனிக்கவில்லை. நீ அழவில்லை. மகளை என் மாமியார் மடியில் உட்கார வைத்தாய். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினாய். எனக்கு அப்போது நாலு மாதம். ஏன் உன் பின்னால் வந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உன்னைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

வேலப்பன்சாவடியில் கரி பஸ் ஏறினோம். பின்னால் கட்டியிருந்த கரி அடுப்பு புகைந்துகொண்டே வந்தது. பஸ்ஸில் எல்லார் வாயிலும் இதே பேச்சுதான். காற்றிலும் விஷம் வரும், மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்றார் ஒரு பெரியவர். நான் உடனே முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன். வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளைக்கு எதை வைத்து மூடுவது என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கடற்கரையில் முள்கம்பி போட்டிருந்தார்கள். உங்கள் ஆட்கள் நுழைகிற சந்து வழியாக என்னை அழைத்துப் போனாய். கூவம் கடலில் சேரும் இடம் அது. நான் கடல் பார்த்தது அன்றுதான். நீலமாக இருக்கும் என்பார்கள். அன்றைக்குக் கரையோரத் தண்ணீர் மசி கரைத்த மாதிரி கிடந்தது. அலை ஒதுக்கிய கோடு முழுக்க நண்டு. முதுகில் மூன்று கண் போலப் புள்ளி வைத்தவை, நீலக்கால் வைத்தவை, எல்லாம் மல்லாந்து கிடந்தன. சில இன்னும் சாகாமல் வாயில் நுரை தள்ளிக்கொண்டு காலை மெல்ல மடக்கின. நடுவில் விலாங்கு, நாக்கு மாதிரி தட்டையான மீன், இறால். நான் அங்கேயே நின்றுவிட்டேன். கால் வைக்க இடமில்லை என்பதல்ல, காலை வைத்தால் நானும் செத்துவிடுவேன் என்று இருந்தது.

நீ குனிந்து ஒரு நண்டை எடுத்தாய். நான் அலறினேன். ஓட்டைப் பிளந்து முகர்ந்தாய். கொஞ்ச தூரம் நடந்து போய்ப் பார்த்தாய், திரும்பி வந்தாய்.

"விஷம் இல்லமே. அதோ பாரு, காக்கா காலைலேர்ந்து தின்னுகினு கீது, ஒண்ணாச்சும் செத்துச்சா? அப்பால பாரு, எல்லாம் அடில கெடக்கற ஜாதி. நண்டு, விலாங்கு, நாக்கு மீனு. மேல ஓடற மீனு ஒண்ணு கூட இல்ல. விஷம்னா அதுவுந்தான செத்திருக்கும்?"

"அப்ப எப்படிச் செத்துச்சு?"

"மழைக்கு முன்னாடி மாசக்கணக்குல ஆத்து வாய மணல் அடைச்சிகினு கெடக்கும். பட்டணத்து அழுக்கெல்லாம் அதுக்குள்ள ஊறி கறுத்துப் பூடும். வெள்ளம் வந்தா மணல ஒடைச்சிகினு அந்தக் கறுப்புத் தண்ணி மொத்தமும் கடல்ல கொட்டும். அதுல மூச்சு கெடையாது. மீனு தப்பிச்சி ஓடிடும். நண்டு எங்க ஓடும்? அடிலயே மூச்சு முட்டிச் சாவும்." அப்புறம் என்னைப் பார்த்தாய். "அத ஒடைச்ச வெள்ளம் உங்க ஊரு வழியா வந்ததுதான்."

நான் முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தேன். அப்பாடா என்று இருந்தது. நீயும் சிரிப்பாய் என்று எதிர்பார்த்தேன். உன் முகம் அதற்குள் வெளிறிப் போயிருந்தது. உடைந்த மணல் மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"எங்க கட்டுமரத்த அந்த வாய் ஓரமாத்தான் ஏத்தி வெப்பாங்க. மணல் ஒடையறப்ப கிட்ட நின்ன ஆள இழுத்துகினு பூடும்" என்றாய்.

ஊரே பயந்தது இல்லாத ஒன்றுக்கு. நீ பயந்தது இருந்த ஒன்றுக்கு. அது எனக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது.

குப்பத்துக்குள் நுழையும்போதே ஒப்பாரி கேட்டது. எந்த வீடு என்று தெரியவில்லை. குடிசைகள் நெருக்கமாக இருந்தன, மழைக்கு எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. செத்த நண்டைக் கையால் பிளந்த நீ அங்கே நின்றுவிட்டாய். "நான் வரமாட்டேன். நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு" என்றாய். உன் பல் கிட்டிக்கொண்டது. "மாதாவே, மாதாவே" என்பது மட்டும் வந்தது. உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். வாழ்க்கையில் நான் முன்னால் நடந்தது அந்த ஐம்பது அடிதான்.

அழுகை மூன்றாவது வீட்டிலிருந்து வந்தது. உன் வீடு அதற்கும் அப்பால். உன் புருஷன் தோளில் பச்சிலைக் கட்டோடு பாயில் படுத்திருந்தார். மரத்தைக் காப்பாற்றப் போன மூன்று பேரை வெள்ளம் வாரிக்கொண்டு போயிருக்கிறது. இரண்டு பேர் நீந்திக் கரையேறினார்கள். திரும்பாத மூன்றாவது ஆள் அவருடைய கூட்டாளி, அழுகை கேட்ட வீட்டுக்காரர். உன்னைக் கண்டதும், "மரம் பூடுச்சிமே" என்று மட்டும் சொன்னார். நீ அவர் காலைக் கட்டிக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதாய். அப்புறம் எழுந்து மூன்றாவது வீட்டுக்குப் போனாய்.

அதற்குப் பிறகு நீ நூம்பலில் தங்கவில்லை. குண்டு விழுந்தாலும் அவரோடுதான் என்று மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். என் பையன் பிறந்தபோது ஒரு கூடை கருவாட்டோடு வந்து போனாய்.

இரண்டு வருஷம் கழித்து ஒருநாள், குப்பத்தில் வாந்திபேதி, நீ படுத்துவிட்டாய் என்று கொழுந்தனார் வந்து சொன்னார். நான் உடனே கிளம்பினேன். பையன் என் இடுப்பை விட்டு இறங்காத வயசு, மாமியார் கையில் நிற்கமாட்டேன் என்று கத்தினான். அவனையும் தூக்கிக்கொண்டு வேலப்பன்சாவடி வரை நடந்தேன். பஸ் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்தேன். பையன் தூக்கத்தில் என் கழுத்தில் மூச்சு விட்டான். வைத்த காலை எடுத்துவிட்டேன்.

"இன்னாம்மா, வரியா இல்லியா?" என்றான் கண்டக்டர்.

"இல்லப்பா" என்றேன்.

மறுநாள் நீ போய்விட்டாய்.

நாற்பது நாள் கழித்து உன் புருஷன் மகளோடு வந்தார். முற்றத்தில் நின்றபடியே பேசினார். "'அவ கெளம்பி வந்துடப் போறா, கைக்கொழந்தக்காரி, வர வேணாம்னு ஆள் அனுப்பு'ன்னு சொல்லிகினே கெடந்தா. அனுப்ப எனக்கு ஆள் கெடைக்கல. நல்ல வேள, நீங்களா வராம இருந்தீங்க."

எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் அதைச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். உன் மகளுக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தேன். பஸ் வரைக்கும் வந்ததை அவரிடம் சொல்லவில்லை. இன்று உன்னிடம் சொல்கிறேன். வரவேண்டாம் என்ற உன் வார்த்தை எனக்கு வந்து சேரவே இல்லை. அது தெரியாமலேயே, என் பயத்தில்தான் நான் திரும்பிவிட்டேன்.