யாருடைய சாவி

மே 9, 2006. செவ்வாய்
கத்திரி வெயில். அவசரப் பிரிவில் ஒரே ஒரு ஃபேன்தான் சுற்றுகிறது. கையுறை தீர்ந்துபோச்சு, ஸ்டோரில் கேட்க வேண்டும்.

காலையில் தையல் கம்பெனி வேனில் ஒரு பெண். சுகந்தி, இருபது வயசு. வலிப்பு. கூட வந்த சூப்பர்வைசர் தன் இரும்புச் சாவியை அவள் கையில் திணித்தார். நானும் ஆயா செல்வியும் அந்தக் கையை மூடிப் பிடித்தோம். இரண்டு ஊசி போட்டாச்சு, அடங்கவில்லை.

"இன்னாக்கா, வுட்டு வுட்டு ஆடுது? ஆக்டிங்கு!" என்றாள் செல்வி. எனக்கும் எரிச்சல்தான். மூன்றாவது ஊசியை எடுத்தேன்.

பரீதா டாக்டர் ஓடி வந்தார். பழவேற்காட்டுக்காரர், என்னைவிடச் சின்னவர். "சிஸ்டர், வேணாம். இன்னொண்ணு போட்டா மூச்சு நின்னுடும்."

சர்க்கரை, ஆக்சிஜன் பார்த்தார். சரி. அப்புறம் சும்மா நின்று அவளையே பார்த்தார்! கண் இறுக மூடி. இமையைத் தொட்டால் இன்னும் இறுக்குகிறாள். தலை இப்படியும் அப்படியும். சாவியை எடுத்தால் தணிகிறது, அந்த ஆள் வைத்தால் ஏறுகிறது. ஆளை வெளியே அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் நின்றது. ஒரே அழுகை.

"நடிக்கிறேன்னு சொல்றாங்க மேடம்."

"நடிப்பு இல்லம்மா. உடம்பு உன் பேச்சைக் கேக்கல, அவ்ளோதான். மெட்ராஸ்ல மூளை டெஸ்ட் எடுத்து உறுதி பண்ணிக்கலாம். இதுக்கும் வைத்தியம் இருக்கு."

என்ன பொறுமை இந்த டாக்டருக்கு!

மே 10
சுகந்தி வாய் திறந்தாள். அந்தச் சாவி கம்பெனி ஸ்டோர் ரூமுடையதாம். "லேட்டா வந்தா உள்ள வச்சிப் பூட்டிடுவாரு மேடம்."

வைத்தியம் என்று நாங்கள் வைத்து அழுத்தியது அதைத்தான்.

சாயங்காலம் சூப்பர்வைசர். "கூட்டிகினு போறேன் மேடம். சாவி எங்க?"

"பொண்ணு அவங்க அம்மாவோட போவா. சாவிய போலீஸ் ஸ்டேஷன்ல வாங்கிக்கோங்க" என்றார் பரீதா டாக்டர்.

அடேயப்பா! குரல்கூட ஏறவில்லை. அம்மா மணவாள நகரிலிருந்து வந்து அழைத்துப் போனாள்.

மே 12
வெயில் குறையவில்லை. கையுறை வந்தது.

எளாவூர் செக்போஸ்ட்டிலிருந்து லாரி டிரைவர். கண் திறந்து மேலே செருகி, நாக்கு கடிபட்டு ரத்தம், உதடு நீலம். பரீதா டாக்டர் ஒரு நொடி தாமதிக்கவில்லை. ஊசி. அடங்கியது. கேஸ் ஷீட்டில் 'நிஜ வலிப்பு' என்று எழுதினேன். 'நிஜ' என்பதை அடித்தார். "அன்னிக்கு அந்தப் பொண்ணுக்கு வந்தது பொய்யா சிஸ்டர்?"

எழுத விட்டுப்போச்சு. ஊசி போடும்போது கூட வந்த ஆள் ஒரு சாவிக்கொத்தை நீட்டினார். செல்வி கையைத் தட்டிவிட்டாள். "யோவ், மொதல்ல சொல்லு. யாரு சாவி இது?"